பூட்டு உடையாத திருட்டு

முத்தியால்பேட்டை
24-5-2025, சனிக்கிழமை

தம்பி அய்யப்பனுக்கு, கடை வீட்டுக்கார அஞ்சலாட்சி எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். நீயும் உன் பெண்டாட்டி பிள்ளையும் சுகம் என்று மீன் கொண்டுவருகிற பூவாயி சொன்னாள். நான் கேட்கவில்லை, அவளாகத்தான் சொன்னாள்.

கடையைப் பூட்டிவிட்டு நீ போய் இன்றோடு ஏழு நாள். போன் போட்டால் எடுப்பதில்லை. இனி என் படி ஏற மாட்டேன் என்று தெருவில் நின்று சொல்லிவிட்டுப் போனாய். குப்பத்துக்கு வந்து உன் வாசலில் நிற்கிற ஆள் நானும் இல்லை. அதனால் எழுதுகிறேன். அஞ்சாவது வரைக்கும்தான் படித்தவள் என்று இளப்பமாக நினைக்காதே. எங்கள் பள்ளிக்கூடத்தில் கையெழுத்து என்றால் அது நான்தான். இன்றைக்கும் இந்தத் தெருவில் தண்ணீர் வரவில்லை, விளக்கு எரியவில்லை என்றால் மனு எழுத என்னிடம்தான் வருகிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். தீமிதி முடிந்த மறுநாள் காலையில் நீ கடையைத் திறந்தாய். பலகையில் வைத்திருந்த படகுச் சாமான்களைக் காணோம் என்றாய். மீன் காட்டுகிற டிவி ரெண்டு, கடலில் வழி காட்டுகிற டப்பா மூணு. போலீசைக் கூப்பிட்டாய். வந்து பார்த்தார்கள். ஷட்டர் பூட்டு உடையவில்லை. சந்துக் கடைசியில் இருக்கிற பின்கேட்டுப் பூட்டும் உடையவில்லை. கேட்டுச் சாவி என் இடுப்பை விட்டு இறங்காது என்பது உனக்கே தெரியும். எஸ்ஐ என்னைப் பார்த்து, “பூட்டெல்லாம் நல்லாத்தானே இருக்குதும்மா” என்றார். “நான் பூட்டினா பூட்டினதுதான் சார்” என்றேன். அதற்கு நீ தெருவே பார்க்க, “அப்ப பொருள் காத்துல போயிடுச்சா” என்று என் முகத்துக்கு நேரே கேட்டாய். என்னை அப்படிக் கேட்டவன் இதுவரைக்கும் இல்லை. அதனால்தான், “நீயே எடுத்து வித்திருப்ப” என்று நானும் சொன்னேன். கோபத்தில் வந்த வார்த்தை. இருந்தாலும் பூட்டு உடையாமல் பொருள் போனால் ஊர் என்ன கேட்கும், நீயே யோசி.

என் மருமகன் ஹரிகிருஷ்ணன் உழவர்கரையில் பத்திரம் எழுதுகிறவர். உன் வாடகை ஒப்பந்தத்தை எழுதினதும் அவர்தான். எடுத்து வாசித்துக் காட்டினார். ஆறாவது பாரா: கடையில் வைக்கப்படும் பொருட்களுக்கு வாடகைதாரரே பொறுப்பு, கட்டட உரிமையாளர் எவ்வகையிலும் பொறுப்பல்ல. கீழே உன் கையெழுத்து இருக்கிறது. ஆகவே பொருள் போனதற்கு என்னிடம் வந்து நிற்க உனக்கு வழியில்லை.

கடையைத் திறந்து தொழிலைப் பார். இல்லையென்றால் காலி செய்து சாவியைக் கொடு. பூட்டிக் கிடக்கிற கடை வீட்டுக்கு நல்லதில்லை. பதிலைப் பூவாயியிடம் கொடுத்தனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
ரா. அஞ்சலாட்சி


27-5-2025

வீட்டுக்காரம்மா அவர்களுக்கு அய்யப்பன் வணக்கம்.

கடிதம் வந்தது. கையெழுத்து நன்றாகத்தான் இருக்கிறது.

நான் காசு கேட்பேன் என்று நினைத்து ஆறாவது பாராவை எழுதியிருக்கிறீர்கள். நான் காசு கேட்கவில்லை. என்ன போனது என்பது உங்களுக்குச் சரியாகத் தெரியாது, அதை முதலில் எழுதுகிறேன்.

ஏப்ரல் பதினைந்திலிருந்து ஜூன் பதினாலு வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த ரெண்டு மாசத்தில்தான் படகில் இருக்கிற கருவிகளைக் கழற்றி என்னிடம் சர்வீசுக்குத் தருவார்கள். காணாமல் போன அஞ்சும் மூன்று படகுக்காரர்களுடையது. அதில் ஒன்று உத்திராபதி மாமா படகு ஜிபிஎஸ். கருவியைக் காசு கொடுத்தால் வாங்கலாம். அதற்குள் இருந்ததை வாங்க முடியாது.

கடலுக்கு அடியில் பாறை இருக்கிற இடத்தைப் பாரு என்போம். மீன் அங்கேதான் நிற்கும். எந்தப் பாரு எங்கே என்பது ஒவ்வொரு படகுக்கும் ரகசியம். உத்திராபதி மாமா பதினேழு வருஷமாக ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து அந்த ஜிபிஎஸ்ஸில் பாயிண்ட்டு போட்டு வைத்திருந்தார். நூற்றுப் பன்னிரண்டு பாயிண்ட்டு. சொந்த மகனுக்கே முழுசாகக் காட்டியதில்லை. என்னிடம் கொண்டுவரும்போது துண்டில் சுற்றித்தான் கொண்டுவருவார். நகல் எடுத்து வைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எடுக்க மாட்டேன். நகல் எடுக்கிற மெக்கானிக்கிடம் எவனும் கருவியைத் தர மாட்டான். என் தொழிலே அந்த ஒன்றில்தான் நிற்கிறது.

இப்போது குப்பத்தில் என்ன பேசுகிறார்கள் என்றால், அய்யப்பன் பாயிண்ட்டை வேறு படகுக்கு விற்றுவிட்டுத் திருட்டு போச்சு என்று நாடகம் ஆடுகிறான். ஆதாரம் கேட்டால், “கடை வீட்டுக்காரம்மாவே நடுத்தெருவுல சொல்லிச்சாம். பூட்டு ஒண்ணும் உடையலியாம்” என்கிறார்கள். கோபத்தில் வந்த வார்த்தை என்று நீங்கள் எழுதிவிட்டீர்கள். அது இங்கே வந்து சேரும்போது கோபம் இல்லாமல் வார்த்தை மட்டும் வந்து சேர்ந்தது.

ஜூன் எட்டு, ஞாயிற்றுக்கிழமை, பஞ்சாயத்து கூடுகிறது. நான்தான் விற்றேன் என்று முடிவானால் ஒரு படகும் எனக்குக் கருவி தராது. எனக்கு வேறு தொழில் தெரியாது, வேறு ஊரும் கிடையாது.

உங்கள் சந்துக்குள் திறக்கிற கடைப் பின்கதவுக்கு உள்கொக்கி மட்டும்தான். இரும்பு ஸ்கேலை இடுக்கில் விட்டுத் தூக்கினால் தூக்கிக்கொள்ளும், அடையாளமே இருக்காது. தாழ்ப்பாள் போடுகிறேன் என்று ரெண்டு தடவை கேட்டேன். தேக்கு நிலையில் ஓட்டை போடக் கூடாது, என் கேட்டு இருக்கும்போது உனக்கு எதற்குத் தாழ்ப்பாள் என்றீர்கள். உங்கள் கேட்டை நம்பித்தான் இருந்தேன்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அன்றைக்கு அந்தப் பின்கேட்டை எப்போது பூட்டினீர்கள், எப்படி இருந்தது என்பதை நடந்தது நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

அய்யப்பன்


முத்தியால்பேட்டை
29-5-2025

அய்யப்பனுக்கு,

கடிதம் பார்த்தேன். நான் என்னவோ பொய்யை வாயில் வைத்துக்கொண்டு இருப்பவள் மாதிரியும், நீ வந்து கக்கச் சொல்கிற மாதிரியும் எழுதியிருக்கிறாய்.

அந்தத் தேக்கு நிலை என் வீட்டுக்காரர் மரம் பார்த்து வாங்கி, ஆசாரியை வீட்டிலேயே வைத்துச் செய்தது. வாடகைக்கு வருகிறவன் எல்லாம் துளை போட்டால் அது நிலையாக இருக்காது, சல்லடையாகத்தான் இருக்கும். இதை அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

பின்கேட்டைப் பற்றிக் கேட்டாய். தெரிந்துகொள். திரௌபதி அம்மனுக்குத் தீ மிதிக்கிறவர்கள் எங்கள் கிணற்றில் குளித்துவிட்டு ஈரத்துணியோடு போவது என் மாமியார் காலத்து வழக்கம். அன்றைக்கு மத்தியானத்திலிருந்து கேட்டைப் பூட்டக் கூடாது. யார் வந்தாலும், எந்தத் தெரு, எந்தக் குப்பம் என்று கேட்கக் கூடாது. கடைசி ஆள் குளித்துப் போனதும் வீட்டுக்காரி மஞ்சள் தண்ணீர் தெளித்துத் தன் கையால் பூட்ட வேண்டும். இதற்காகத்தான் கோயிலில் முதல் தட்டு எங்கள் வீட்டுக்கு வருகிறது. காசு கொடுத்து வாங்கின மரியாதை இல்லை.

இந்த வருஷமும் அப்படித்தான். ஆறரை மணிக்குக் கடைசி ஆள் போனதும் மஞ்சள் தண்ணீர் தெளித்துப் பூட்டிவிட்டுத்தான் கோயிலுக்குப் போனேன். என் பேத்தி அபி இந்த வருஷம் தீ மிதித்தாள். நர்சிங் முடித்து வேலை கிடைத்ததற்கு வேண்டுதல். மெத்தையில் நடக்கிற மாதிரி நடந்தாள், குனிந்து காலைக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் எல்லாம் யார் வீட்டுப் பெண் என்று கேட்டார்கள். அதற்கப்புறம் மருமகன் காரில் உழவர்கரைக்குப் போய், அங்கேயே தங்கி, மறுநாள் காலை ஆறு மணிக்குத்தான் வந்தேன்.

நடந்தது இதுதான். பஞ்சாயத்தில் காட்டுவதென்றால் காட்டு.

உனக்கு வேறு மாதிரி வேண்டும், கேட்டு திறந்திருந்தது என்று எழுத வேண்டும். அப்படி ஒரு வரி எழுதினால் என்ன ஆகும் தெரியுமா? அன்றைக்குக் குளிக்க வந்த அறுபது பேரும் திருடர் ஆவார்கள். அடுத்த வருஷம் எவள் வந்து என் கிணற்றில் தண்ணீர் மொள்வாள்? உன் பேருக்காக அவர்கள் பேரை நான் கெடுக்க முடியாது.

ரா. அஞ்சலாட்சி


1-6-2025

அம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பஞ்சாயத்தில் காட்ட முடியாது. அதைக் காட்டினால் என்னை நானே மாட்டிவிட்ட மாதிரி.

பூவாயி எனக்குச் சித்தி. என் அம்மாவின் தங்கை. இது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன், மீன் விலையைத் தவிர நீங்கள் அவளிடம் வேறு எதுவும் பேசுவதில்லை என்று சொல்வாள். அவளும் இந்த வருஷம் தீ மிதித்தாள். முட்டிவலி என்பதால் மெதுவாக நடந்து வந்து, கடைசி வரிசையில் மிதித்தாள். உங்கள் கிணற்றடியில் அவள் குளித்தபோது மணி ஏழு. கேட்டு திறந்திருந்தது. பூட்டு சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. “அம்மா, அம்மா” என்று ரெண்டு குரல் கொடுத்திருக்கிறாள். வீட்டில் ஆள் இல்லை. குளித்துவிட்டுப் போகும்போது கேட்டைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறாள். பூட்டுவதற்குச் சாவி அவளிடம் இல்லை.

ஆறரைக்குப் பூட்டின கேட்டு ஏழு மணிக்கு எப்படித் திறந்திருந்தது?

பொருள் போன அன்றைக்கே சித்தி இதை என்னிடம் சொல்லிவிட்டாள். உங்கள் வாயால் வரட்டும் என்று நான்தான் இத்தனை நாள் எழுதவில்லை. அவள் சாட்சி பஞ்சாயத்தில் எடுபடாது. “அக்கா புள்ளைக்குச் சொல்லாம வேற யாருக்குச் சொல்லுவ” என்று கேட்டு உட்காரவைத்துவிடுவார்கள். நீங்கள் எனக்கு உறவு இல்லை, வேண்டியவரும் இல்லை. அதனால்தான் உங்கள் எழுத்துக்கு அங்கே மதிப்பு.

குளிக்க வந்தவர்கள் மேல் பழி வரும் என்கிறீர்கள். நானும் யோசித்தேன். கடைசியாகக் குளித்தவள் சித்தி. அவள் போன பிறகு விடிகிற வரைக்கும் கேட்டு பூட்டாமல் கிடந்தது என்றால், பின்தெருவில் போகிற எவனும் உள்ளே வந்திருக்கலாம். குளித்தவர்களைச் சொல்ல முடியாது, என்னையும் சொல்ல முடியாது.

என் மச்சான் ஒரு வக்கீலிடம் விசாரித்தான். கேட்டுச் சாவி வீட்டுக்காரர் கையில் மட்டும் இருந்தது, தாழ்ப்பாள் போட விடவில்லை, அதனால் ஆறாவது பாரா இருந்தாலும் வீட்டுக்காரருக்குப் பொறுப்பு உண்டு என்று வாதாடிப் பார்க்கலாம் என்றாராம். வருஷக்கணக்கில் ஆகுமாம். என் கையில் இருப்பது ஏழு நாள்.

அய்யப்பன்


முத்தியால்பேட்டை
3-6-2025

அய்யப்பனுக்கு,

பூவாயி இன்றைக்கு வந்து வழக்கம்போல் கூடையை இறக்கினாள். முந்தானையில் முடிந்து வைத்திருந்த உன் கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். அவள் எதிரிலேயே படித்தேன். அவள் மீன் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டு நின்றாள்.

“என்னாடி, எல்லாம் தெரிஞ்சிகினேதான் இத்தினி நாளா எனக்கு மீன் போட்டியா” என்றேன்.

“மீனுக்கும் அதுக்கும் இன்னாம்மா. நெத்திலி கால் கிலோவா, அரையா?” என்றாள்.

அரை கிலோ வாங்கினேன்.

மருமகனிடம் போனில் சொன்னேன். இனிமேல் ஒரு வரிகூட எழுதக் கூடாது என்கிறார். வாயால் சொன்னது கோர்ட்டில் நிற்காது, எழுதினது நிற்கும், அவன் உங்களிடம் எழுதி வாங்கி உங்கள் மேலேயே கேஸ் போடுவான், அத்தை உங்களுக்கு உலகம் தெரியாது என்கிறார். எனக்கு உலகம் தெரியாது என்று அவர் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

ஆகவே இது என் கடைசிக் கடிதம். பூவாயி சொன்னதற்கு நான் பதில் எழுதப் போவதில்லை. அவள் சொன்னது பொய் என்றும் எழுதவில்லை.

ரா. அஞ்சலாட்சி


5-6-2025

அம்மா அவர்களுக்கு,

சித்தியிடம் கடைச் சாவியைக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். மேஜையையும் சாலிடரிங் சாமான்களையும் அடுத்த வாரம் ஆள் வந்து எடுத்துக்கொள்ளும்.

உங்கள் மருமகன் பயப்பட வேண்டாம். உங்கள் மேல் கேஸ் போட மாட்டேன். ஆறாவது பாராவைப் படித்துத்தான் கையெழுத்துப் போட்டேன், அதை ஒத்துக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தைக் கோர்ட்டில் காட்டிக்கொள்ளலாம் என்று அவரிடம் சொல்லுங்கள். நானும் கையெழுத்துப் போட்டுத்தான் தருகிறேன்.

நேற்று ஐஸ் பேக்டரி பக்கத்தில் உத்திராபதி மாமா எதிரே வந்தார். என்னைப் பார்த்துவிட்டு, ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

பஞ்சாயத்து ஞாயிறு காலை பத்து மணிக்கு.

மு. அய்யப்பன்


முத்தியால்பேட்டை
7-6-2025, சனிக்கிழமை

அய்யப்பனுக்கு,

கடைசி என்று எழுதியும் எழுதுகிறேன். இதைப் பஞ்சாயத்தில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசிக்கச் சொல். யாரும் சொல்லிக்கொடுத்து எழுதவில்லை. மருமகனுக்குத் தெரியாது.

முத்தியால்பேட்டையில் குடியிருக்கும், காலஞ்சென்ற ராஜாராம் மனைவி அஞ்சலாட்சி, வயது அறுபத்தெட்டு, எழுதிக் கொடுப்பது.

மே மாதம் பதினாறாம் தேதி என் வீட்டுப் பின்கேட்டை நான் பூட்டவில்லை. ஆறரைக்கும் பூட்டவில்லை, அதற்கப்புறமும் பூட்டவில்லை. சாயங்காலம் அஞ்சு மணிக்கே கேட்டைத் திறந்தபடி விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டேன். முன்னாடி நின்றால்தான் அபியைப் பார்க்க முடியும். அவள் மிதித்ததும் திரும்பி வந்து பூட்டலாம் என்று இருந்தேன்.

அபி தீயிலிருந்து வெளியே வந்ததும் கழுத்தில் மாலை போட்டார்கள். முதல் தட்டை என் கையில் கொடுத்தார்கள். மருமகன் காரைக் கோயில் வாசலுக்கே கொண்டுவந்துவிட்டார். எல்லோரும் பார்க்க, பேத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, தட்டை மடியில் வைத்துக்கொண்டு நான் காரில் போனேன். அது எனக்கு வேண்டியிருந்தது.

கேட்டை மறந்துவிட்டேன் என்று இந்த இடத்தில் எழுதிவிட்டால் சுலபம். வயதானவள், மறந்துவிட்டாள் என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள். ஆனால் நான் மறக்கவில்லை. உழவர்கரையில் இலை போட்டு உட்கார்ந்ததும் இடுப்பில் சாவி குத்தியது, அப்போதே ஞாபகம் வந்துவிட்டது. மணி எட்டுகூட ஆகவில்லை. மருமகனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காரை எடுத்திருப்பார். சம்பந்தி வீட்டு ஆட்கள் எல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். சம்பந்தி அம்மா சொன்னார்கள், “எத்தினி வருஷமா தண்ணி குடுக்கற வீடு. ஒரு வருஷம் ஒரு குறை உண்டா?” எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் எழுந்து, இந்த வருஷம் கேட்டைப் பூட்டாமல் வந்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அம்மன் நாளில் எவன் வரப்போகிறான் என்று நினைத்துக்கொண்டேன். இன்னும் ஒரு கரண்டி பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் ஆறு மணிக்கு வந்து பார்த்தால் கேட்டு சாத்தியிருந்தது, பூட்டு தொங்கியது. யாரும் பார்ப்பதற்குள் மஞ்சள் தண்ணீர் தெளித்துப் பூட்டினேன். ஒன்பது மணிக்கு அய்யப்பன் கடையைத் திறந்து சத்தம் போட்டபோது, எப்படிப் போயிருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. போலீஸ்காரர் பார்த்த பூட்டு காலையில் பூட்டின பூட்டு. ராத்திரி முழுக்க அது பூட்டியிருக்கவில்லை.

“நீயே எடுத்து வித்திருப்ப” என்று தெருவில் சொன்னேன். அதைக் கோபத்தில் சொன்னதாக முதல் கடிதத்தில் எழுதினேன். கோபம் இல்லை, பயம். அவனைச் சொன்னால் கேட்டைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள் என்ற பயம். அவன் விற்றிருப்பான் என்று நான் ஒரு நிமிஷமும் நம்பவில்லை. கடையில் ஆள் இல்லாத நேரத்தில் சாமான் வாங்க வந்தவர்கள் பணத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனால், அவன் அதை என் எதிரில் எண்ணினதுகூடக் கிடையாது.

குளிக்க வந்த அறுபது பேரில் யார்மேலும் குற்றமில்லை. அவர்களைக் காப்பாற்றத்தான் எழுதவில்லை என்று நான் எழுதினதும் பொய்தான். என்னைக் காப்பாற்றிக்கொண்டேன். கடைசியாகக் குளித்த பூவாயி, நான் செய்ய வேண்டியதில் பாதியை அவளே செய்துவிட்டுப் போயிருக்கிறாள்.

இதுவரைக்கும் பஞ்சாயத்துக்கு. மேற்கொண்டு உனக்கு.

இதையே இன்னொரு தாளில் எழுதிப் போலீஸ் ஸ்டேஷனிலும் கொடுத்துவிட்டேன். ரைட்டர் படித்துப் பார்த்து, “ஆயா, இதெல்லாம் தேவையா? வீட்ல கலந்துகினு வாங்களேன்” என்றார். நம்பர் போட்டு ரசீது கொடுப்பா என்றேன். துணைக்கு அபியைத்தான் அழைத்துப் போனேன். அவளுக்கும் படித்துக் காட்டினேன். திரும்பி வந்து வண்டியிலிருந்து இறங்கும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கோயில்காரர்களிடமும் சொல்லியாகிவிட்டது. அடுத்த வருஷம் முதல் தட்டு யாருக்கு என்று அவர்கள் பேசி முடிவு செய்வார்கள்.

அஞ்சு கருவிக்கும் ஆகிற செலவு என்னுடையது. கோர்ட்டு என்ன சொல்லும், பாரா என்ன சொல்லும் என்பது எனக்குத் தேவையில்லை. கேட்டு என்னுடையது, சாவி என்னிடம் இருந்தது. நகையை வைத்துத் தருகிறேன், கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். உத்திராபதியின் பாயிண்ட்டுக்கு நான் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. அதை எப்படி அவரிடம் சொல்வது என்றும் தெரியவில்லை. நீயே சொல்லிவிடு.

ரா. அஞ்சலாட்சி


9-6-2025, திங்கட்கிழமை

அம்மா அவர்களுக்கு அய்யப்பன் எழுதுவது.

நேற்று பஞ்சாயத்து முடிந்தது. நடந்ததை எழுதுகிறேன்.

கருவிச் செலவை நீங்கள் தருவதாக எழுதியிருப்பதை மூன்று படகுக்காரர்களும் ஒத்துக்கொண்டார்கள். வேண்டாம் என்று சொல்லிப் பெரிய மனுஷன் ஆக என்னாலும் முடியாது. தவணை முன்னே பின்னே ஆகலாம் என்று சொல்லிவிட்டார்கள். கடைக்கு நான் திரும்பி வரவில்லை. குப்பத்திலேயே ஏலக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு அறை பேசியிருக்கிறேன். மேஜையை எடுக்கப் புதன்கிழமை வண்டி வரும்.

உங்கள் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை என்று எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அது இன்னும் உண்மையாகவில்லை. நீங்கள் அப்படி ஒரு கடிதம் எழுதின பிறகு நான் பொய் எழுதக் கூடாது. ஆகும்போது எழுதுகிறேன்.

எங்கள் பஞ்சாயத்தில், பேர் அடிபட்டவன் முடிவு சொல்கிற வரைக்கும் நிற்க வேண்டும். மற்றவர்கள் சுற்றி மணலில் உட்கார்ந்திருப்பார்கள். பத்து மணியிலிருந்து நின்றேன். வெயில் ஏறிவிட்டது. பெரியவர் ஆதிமூலம் உங்கள் கடிதத்தை வாசித்தார். பாயசம் வரைக்கும் வந்து நிறுத்தி, “இதையும் படிக்கணுமா?” என்றார். “எழுதியிருக்குது இல்ல, படி” என்றார்கள். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து வாசிக்கச் சொன்னார்கள்.

பிறகு உத்திராபதி மாமா கேட்டார். “இது அந்தம்மா தானா எழுதினதா, மிரட்டி எழுதி வாங்கினதா?”

பெண்கள் பக்கத்திலிருந்து சித்தி எழுந்தாள். “அந்தம்மாவையா? மிரட்டினவன் எவன்னு காட்டு, நானும் ஒரு தடவை பாத்துக்கறேன்” என்றாள். சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. கடிதத்தைக் கேட்டு வாங்கினார். அவருக்குப் படிக்கத் தெரியாது. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மடித்து ஆதிமூலத்திடமே கொடுத்தார். “பாயிண்ட்டு போனது போனதுதான்” என்றார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. கடலைப் பார்த்துத்தான் சொன்னார்.

அய்யப்பன் மேல் குத்தமில்லை என்று ஆதிமூலம் சொல்லி, எல்லோரும் எழுந்து துணியைத் தட்ட ஆரம்பித்தார்கள். எனக்கு அங்கிருந்து நகரத் தோன்றவில்லை. கால் மரத்துப்போயிருந்தது. மாமா மட்டும் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். அப்புறம் ஒரு ஆள் இடம் தள்ளி உட்கார்ந்து, பக்கத்து மணலைக் கையால் தட்டினார்.

“இன்னும் எதுக்குடா நிக்கற” என்றார்.

உட்கார்ந்தேன்.

மு. அய்யப்பன்